தாய்ச்செடி போனபின்னும் இருக்கும் விதைகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் பெர்த்தில், கென்சிங்டன் என்ற பகுதியில், மாநில அரசின் விதை மையம் ஒன்று இருக்கிறது. தொடங்கியது 1992-இல். அருகிவரும் காட்டுச் செடிகளின் விதைகளைக் காய வைத்து, பையில் அடைத்து, உறைகுளிரில் வைப்பது அதன் வேலை. அங்கே இருக்கும் பேங்க்ஸியா பிரவுனி என்ற புதரின் விதைகளில் ஒரு பகுதிக்கு இன்று தாய்ச்செடி கிடையாது. அவை எடுக்கப்பட்ட இடத்துக்குப் போனால் அந்தப் புதர் ஒன்றையும் பார்க்க முடியாது. நோய் வந்து மொத்தக் கூட்டமும் போய்விட்டது. மிஞ்சியது விதை மட்டும்.

விதை வங்கி என்றதும் பலருக்கு நினைவு வருவது நார்வேயின் ஸ்வால்பார்ட். 2008-இல் திறந்த அந்தப் பனிமலைக் கிடங்கு நெல், கோதுமை, சோளம் போன்ற பயிர்களுக்கானது; பல நாடுகளின் பயிர் விதைச் சேமிப்புக்கு அது ஒரு மாற்றுப் பிரதி. பயிர் விதையைப் பொறுத்தவரை எல்லாமே கொஞ்சம் சுலபம். ஒன்றாக முளைக்கவும் ஒன்றாக முற்றவும் மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேர்ந்தெடுத்துப் பழக்கிய விதை அது. கிலோ கணக்கில் கிடைக்கும். தீர்ந்துபோனால் வயலில் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாம். காட்டுச் செடியில் இந்த வசதி எதுவும் இல்லை. எந்த ஆண்டு காய்க்கும், எவ்வளவு காய்க்கும், எப்படி முளைக்கும் என்பதையெல்லாம் ஒவ்வொரு செடிக்கும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் செடிகள் மிச்சம் என்ற நெருக்கடியில்.

பேங்க்ஸியா பிரவுனி வளர்வது ஆல்பனி துறைமுக நகருக்கும் அதன் வடக்கே இருக்கும் ஸ்டர்லிங் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டும். ஸ்டர்லிங்கின் உச்சி 1,099 மீட்டர், நம் ஏற்காட்டு உயரம்கூட இல்லை. ஆனால் சுற்றிலும் கிடக்கும் சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் மேகம் வந்து மோதுகிறது, குளிர்கிறது, வேறெங்கும் இல்லாத செடிகள் அங்கே ஒதுங்கியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் இந்தத் தென்மேற்கு மூலையில் ஏறத்தாழ 8,000 வகைத் தாவரங்கள் உண்டு. அவற்றில் பாதி அளவுக்கு உலகில் வேறு எங்கும் கிடையாது.

மலைமேல் இந்தச் செடி குட்டைப் புதர். தாழ்வான இடங்களில் ஆளுயரத்தைத் தாண்டிப் போகும். நீளமான இலையின் இரு பக்கமும் நடு நரம்பு வரை வெட்டுப்பட்டு மெல்லிய கீற்றுகளாக நிற்பதால், பார்க்க அப்படியே பறவை இறகு. பூக்கொத்து செம்பு நிறத்தில் நீள உருளையாக இருக்கும். தேன் குடிக்க வரும் பறவைகளும், இரவில் வரும் சிறு விலங்குகளும் மகரந்தம் சுமக்கின்றன. 1829-இல் வில்லியம் பாக்ஸ்டர் என்ற சேகரிப்பாளர் இதை எடுத்தார். அடுத்த ஆண்டு ராபர்ட் பிரவுன் தன் நூலில் வெளியிட்டார். செடியின் பெயரில் இருப்பவர் அவர்தான். பள்ளி இயற்பியலில் படித்த பிரவுனியன் இயக்கத்துக்குச் சொந்தக்காரரும் அதே பிரவுன்தான். அடிப்படையில் அவர் தாவரவியலாளர் என்பது நம் பாடப்புத்தகத்தில் அவ்வளவாகப் பதிவாவதில்லை.

இந்தப் புதருக்கு எமன் ஒரு நீர்ப்பூசணம். ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்று பெயர். 1922-இல் சுமத்ரா தீவில், இலவங்கப்பட்டை மரங்களில் முதலில் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். பூசணம் என்று சொன்னாலும் உண்மையில் காளான் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. மண்ணில் ஈரம் இருக்கும்போது இதன் வித்துகள் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். வேர் அழுகும், தண்ணீர் மேலே ஏறாது, செடி நின்ற நிலையில் காய்ந்துபோகும். அவகாடோ தோட்டங்களில் வேரழுகலுக்குக் காரணமும் இதேதான். மண் ஒட்டிய வண்டிச் சக்கரம், செருப்பு, புல்டோசர் எல்லாமே இதைச் சுமந்துகொண்டு போகும். தென்மேற்கு ஆஸ்திரேலியக் காடுகள் காய்வதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்திருக்கிறார்கள். ஆனால் காரணம் இந்தக் கிருமிதான் என்று உறுதியானது 1960-களில். அதற்குள் சாலை போடுகிறவர்களும் மரம் வெட்டுகிறவர்களும் தென்மேற்கில் பல இடங்களுக்கு அதைக் கொண்டு சேர்த்துவிட்டிருந்தார்கள். அந்தப் பகுதியின் தாவர வகைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்த நோய்க்குப் பலியாகக்கூடியவை. அவற்றில் பேங்க்ஸியாக்கள் முன்வரிசையில் நிற்கின்றன.

ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் காட்டு மண்ணிலிருந்து இதை ஒழிக்க வழி இல்லை. இருக்கும் ஒரே மருந்து பாஸ்ஃபைட். கிருமியைக் கொல்வதைவிட, செடியின் எதிர்ப்பைத் தூண்டிவிடுவதுதான் அதன் முக்கிய வேலை. ஸ்டர்லிங் மலையில் விமானத்திலிருந்து தெளிக்கிறார்கள். இதில் ஒரு விநோதம் உண்டு. பேங்க்ஸியா குடும்பம் பாஸ்பரஸ் ஏறக்குறைய இல்லாத மண்ணுக்கே பழகிய குடும்பம். சாதாரண பாஸ்பேட் உரத்தை வைத்தால் பல வகைகள் செத்துவிடும். அதன் நெருங்கிய உறவான பாஸ்ஃபைட்தான் உயிர் காக்கிறது. ஆனால் தெளித்தது சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும், திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். மலைச்சரிவில், காற்று அனுமதிக்கும் நாளில், பணம் இருக்கும் வரையில்.

அப்புறம் நெருப்பு. இந்தச் செடிக்குத் தீயில் கருகினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் திறன் இல்லை. கருகினால் செத்தது செத்ததுதான். விதையிலிருந்துதான் அடுத்த தலைமுறை. அந்த விதையை அது மண்ணில் உதிர்த்து வைப்பதில்லை. கட்டை போன்ற காய்களுக்குள் பூட்டி, கிளையிலேயே வைத்திருக்கும். தீ வந்து போன பிறகு காய் வாய் திறக்க, சாம்பலில் விழுந்து, அடுத்த மழையில் முளைக்கும். இது நெருப்போடு ஒத்துப்போகும் அருமையான ஏற்பாடு. ஒரு நிபந்தனை: முளைத்த கன்று பூத்துக் காய்த்து விதை சேர்க்கப் பல ஆண்டு அவகாசம் வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் கணக்கு முடிந்தது. 2019 டிசம்பரில் ஸ்டர்லிங் மலையில் பிடித்த தீ ஏறத்தாழ 40,000 ஹெக்டேரை எரித்தது. அதற்கு முந்தைய ஆண்டும் மலையின் ஒரு பகுதி எரிந்திருந்தது.

இப்போது இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வேலமர இனங்களில் பல, கெட்டித் தோல் விதையை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் புதைத்து வைத்திருக்கும். மேலே செடி செத்தாலும் கீழே சேமிப்பு இருக்கும். பேங்க்ஸியா பிரவுனிக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. நோயில் தாய் காய்ந்ததும் காய்கள் திறக்கும், விதை உதிரும், முளைக்கவும் செய்யும். ஆனால் முளைப்பது அதே நோய் மண்ணில். இயற்கையான விதைச் சேமிப்பு இப்படி மொத்தமாகக் கைவிட்டுவிடும் ஒரு செடிக்கு, வெளியே ஒரு சேமிப்பு வைப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. பெர்த் மையத்தின் பட்டியலில் இது முன்னுரிமை பெற்றதற்குக் காரணம் இதுதான்.

சரி, எப்படி எடுக்கிறார்கள்? உலகெங்கும் காட்டு விதை சேகரிப்போர் கடைப்பிடிக்கும் ஒரு வரம்பு உண்டு: அன்றைக்கு முற்றி இருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடக்கூடாது. மிச்சம் காட்டுக்கு. இன்னொன்று, ஒரே செடியில் கொத்தாகப் பறிப்பதைவிடப் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் 50 முதல் 100 செடிகளிலிருந்து எடுத்தால் அதில் பரவலாக இருக்கும் மரபணு வடிவங்களில் பெரும்பாலானவை கைக்கு வந்துவிடும் என்பது 1970-களிலிருந்து நிற்கும் கணக்கு. ஆனால் மொத்தக் கூட்டமே முப்பது செடி என்றால்? அங்கே விதி புத்தகம் உதவாது. ஒவ்வொரு செடியிலும் கொஞ்சம் எடுத்து, எந்தத் தாயின் விதை எது என்று தனித்தனிப் பையில் போட்டு எண் எழுதி வைப்பார்கள். பின்னால் நாற்று வளர்க்கும்போது எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாகிவிடாமல் கலந்து நட இந்தப் பதிவு தேவைப்படும்.

பேங்க்ஸியா பிரவுனியில் இது இன்னும் சிக்கல். இதன் பூக்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருந்தாலும் காயாக மாறுவது மிகச் சில. ஒரு காய்கூடப் பிடிக்காமல் போகும் கொத்துகளும் நிறைய. போதாததற்கு இது தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளவும் செய்யும். 1990-களில் நடந்த ஆய்வில், விதைகளில் கணிசமான பகுதி தன்மகரந்தச் சேர்க்கையில் உருவானது என்று தெரிந்தது. அதாவது பை நிறைய விதை இருந்தாலும் உள்ளே இருக்கும் மரபு வளம் அந்த அளவுக்கு இல்லாமல் இருக்கலாம். விதையின் எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்லும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும்: எத்தனை தாய்களிலிருந்து?

காயைத் திறப்பதே ஒரு சடங்கு. தீயை ஏமாற்றிக் காட்ட வேண்டும். காய்கள் பதிந்த கூம்பைச் சூடாக்கி, தண்ணீரில் ஊறவிட்டு, காய வைத்தால் வாய் பிளக்கும். உள்ளே மெல்லிய கறுப்பு இறக்கையோடு அதிகபட்சம் இரண்டு விதை. அதன் பிறகு நடப்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான். 15 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 15 விழுக்காடு காற்று ஈரப்பதமும் உள்ள அறையில் வாரக்கணக்கில் உலர விடுவார்கள். பிறகு காற்றுப் புகாத அலுமினியப் பை. பிறகு மைனஸ் 20 டிகிரி. உலர்த்தல்தான் இதில் முக்கியம். ஈரம் உள்ள விதையை உறைய வைத்தால் உள்ளே பனிப்படிகம் உருவாகி செல்லைக் கிழித்துவிடும். விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தால் மறுபடி இரட்டிக்கும் என்று ஒரு பழைய வாய்பாடு உண்டு. எல்லா விதைக்கும் சரியாகப் பொருந்தாது என்றாலும் திசை சரிதான். பெர்த் மையம் இங்கிலாந்தின் வேக்ஹர்ஸ்ட்டில் உள்ள மில்லெனியம் விதை வங்கியோடு 2001 முதல் கூட்டு வைத்திருக்கிறது. அதனால் விதைகளின் ஒரு பகுதி அங்கேயும் போகிறது. ஒரு கட்டடம் எரிந்தாலும் இன்னொன்றில் இருக்கும்.

இப்படி வைத்தால் எவ்வளவு காலம் தாங்கும்? நேரடியாகச் சொல்ல யாரும் இன்னும் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. ஆனால் ஒரு தற்செயல் சாட்சி இருக்கிறது. யான் டேர்லிங்க் என்ற டச்சு வணிகர் 1803-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து 32 வகை விதைகளைச் சிறு காகிதப் பொட்டலங்களில் கட்டி, தோல் பணப்பையில் வைத்துக் கப்பலேறினார். கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்துக்கொண்டது. ஆவணங்களோடு ஆவணமாக விதையும் போய் லண்டன் கோபுரத்திலும் பிறகு தேசிய ஆவணக் காப்பகத்திலும் கிடந்தது. 200 ஆண்டு கழித்து ஒருவர் அதைப் பார்த்துச் சொல்ல, மில்லெனியம் விதை வங்கியில் முளைக்கப் போட்டார்கள். மூன்று வகை முளைத்தன. அதில் ஒன்று லூக்கோஸ்பெர்மம், பேங்க்ஸியாவின் அதே குடும்பம். உலர்த்தும் அறையும் உறைபெட்டியும் பார்க்காத விதை இவ்வளவு தாங்கியது என்றால், முறையாக வைத்த விதையின் மேல் நம்பிக்கை வைப்பதில் தவறில்லை. சூடான, வறண்ட நிலங்களின் விதைகள் ஈர நிலத்து விதைகளைவிட நெடுங்காலம் வாழ்கின்றன என்று பின்னால் வந்த ஒப்பீட்டு ஆய்வுகளும் காட்டுகின்றன.

நம்பிக்கை இருந்தாலும் சோதித்துத்தான் ஆக வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொஞ்சம் விதையை எடுத்து முளைக்கப் போட்டுப் பார்ப்பார்கள். நெல் வங்கியில் நூறு விதை போனால் ஒன்றுமில்லை. கையிருப்பே சில நூறு என்னும்போது ஒவ்வொரு சோதனையும் சேமிப்பைத் தின்னும். நல்லவேளையாக பேங்க்ஸியா விதை உறக்கநிலை இல்லாத விதை. தனிப் பக்குவம் எதுவும் செய்யாமலே சில வாரங்களில் முளைத்துவிடும். முளைத்ததைத் தூக்கிப் போடாமல் தொட்டியில் வைத்து வளர்த்துக்கொள்ளலாம். இதே பகுதியின் பல புதர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. புகை காட்டினால்தான் முளைக்கும் இனங்கள் உண்டு. புகையில் எந்தப் பொருள் அந்த வேலையைச் செய்கிறது என்பதை 2004-இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

2015-இல் வெளியான ஒரு மரபியல் ஆய்வு இந்தச் சேமிப்பின் மதிப்பை எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாகக் காட்டியது. உயிரோடு உள்ள கூட்டங்களையும், அழிந்துபோன கூட்டங்களிலிருந்து முன்பு எடுத்து வைத்த விதைகளையும் ஒப்பிட்டார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் மரபு வேறுபட்டிருந்தது. ஒன்று அழிந்தபோது அதற்கே உரிய வடிவங்களும் காட்டிலிருந்து அழிந்திருந்தன. இந்த இனத்தின் மரபு வளத்தில் கணிசமான பகுதி இன்று இயற்கையில் இல்லை, உறைபெட்டியில்தான் இருக்கிறது. இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம்: சேமித்த விதை இல்லையென்றால் என்ன போயிற்று என்பதைக் கணக்கிடவே முடிந்திருக்காது. அழிந்தது தெரியும், அழிந்தது எவ்வளவு என்பது தெரியாமலே போயிருக்கும்.

சீக்கிரம் எடுத்ததால் வந்த பயன் இது. தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு மொரீஷியஸில் ஒரு செடி இருக்கிறது. சிலிண்ட்ரோக்லைன் லோரென்சி என்ற சிறு மரம்போன்ற புதர், பிளேன் ஷாம்பேன் மேட்டுநிலத்தில் மட்டும் இருந்தது. 1990 வாக்கில் காட்டில் அடியோடு அழிந்துவிட்டது. பிரான்ஸின் பிரெஸ்ட் நகரத் தாவரக் காப்பகத்தில் முன்பே எடுத்து வைத்த கொஞ்சம் விதை இருந்தது. போட்டுப் பார்த்தால் ஒன்றும் முளைக்கவில்லை. கருவைப் பிரித்துப் பார்த்தபோது செத்த விதைக்குள் ஒரு சில செல்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அவற்றைத் திசு வளர்ப்பில் பெருக்கிச் செடியாக்கி, மொரீஷியஸுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆய்வகத் திறமை என்ற அளவில் வியக்கத்தக்க சாதனை. ஆனால் பிழைத்திருக்கும் செடிகள் எல்லாம் சில செல்களின் பிரதிகள். அந்த இனத்தின் பழைய மரபு வேறுபாடு திரும்பி வராது.

எல்லாச் செடியையும் பெட்டியில் வைக்கவும் முடியாது. பலாக்கொட்டையைக் காய வைத்தால் செத்துவிடும். மாங்கொட்டையும் நாவல்கொட்டையும் அப்படித்தான். உலகத் தாவரங்களில் ஏறத்தாழ 8 விழுக்காடு இந்த ரகம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. மழைக்காடுகளில் விகிதம் இன்னும் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளில் அருகிவரும் நாவல் இனங்களுக்கு உறைபெட்டி பயன்படாது. வயநாட்டின் குருகுலத் தாவரச் சரணாலயம் போன்ற இடங்கள் செய்வதுபோல உயிர்ச்செடியாக வளர்த்துத்தான் காக்க வேண்டும். இன்னொரு சிக்கல் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்தில் நடக்கிறது. 2010-இல் அங்கே நுழைந்த மிர்ட்டில் துரு என்ற பூசண நோய், ரோடோமிர்ட்டஸ் சிடியாய்டிஸ் என்ற செடியை வேகமாகக் காலி செய்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தின்னும் தவிட்டுப்பழத்துக்கு அது உறவு. துரு பிடிப்பது இளந்தளிரையும் பூவையும் பிஞ்சையும். விதையே பிடிக்காத செடிக்கு விதை வங்கி எப்படி?

ஆக, உறைபெட்டி இந்த வேலையில் சுலபமான பகுதி. அதற்கு முன்னால் எடுப்பது கடினம். அதற்குப் பின்னால் நடுவது அதைவிடக் கடினம். பேங்க்ஸியா பிரவுனியைப் பழைய இடத்திலேயே திருப்பி நடுவது வீண், மண்ணில் நோய் அப்படியே இருக்கிறது. நோய் எட்டாத நிலம் தேட வேண்டும். மழையும் மண்ணும் ஓரளவு பழைய இடம்போல இருக்க வேண்டும், யாரும் சேற்று வண்டியோடு நுழையாமல் வேலி வேண்டும். சேமித்த விதையில் நாற்று வளர்த்து அப்படிப்பட்ட இடங்களில் புதிய கூட்டங்களை உருவாக்கும் வேலை ஆல்பனி வட்டாரத்தில் நடந்துவருகிறது. அவற்றை விதைத் தோட்டங்களாகவும் பயன்படுத்துகிறார்கள்: காட்டிலிருந்து மேலும் பறிக்காமல், நட்டது காய்க்கும்போது அதிலிருந்து எடுத்து வங்கியை நிரப்பிக்கொள்ளலாம். வெயிலும் முயலும் கங்காருவும் முதல் சில ஆண்டுகளில் நாற்றுகளைச் சோதிக்கும். வேலியும் தண்ணீரும் இல்லாமல் பிழைப்பது குறைவு.

இந்தக் கதையில் கடைசியாக ஒரு பூச்சி வருகிறது. டிரியோசா பாரெட்டே என்ற சாறு உறிஞ்சும் செடிப்பேன். அண்மையில்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். அது வாழ்வது பேங்க்ஸியா பிரவுனியில் மட்டும். புதர் ஒரு இடத்தில் அழிந்தால் பேனும் அங்கே அழிகிறது. அதற்கு விதை கிடையாது, உலர்த்தி உறைய வைக்க முடியாது. வங்கியிலிருந்து வரும் நாற்று பேன் இல்லாத நாற்று. செடியை இடம் மாற்றும்போது அதை நம்பி வாழும் பூச்சிகளையும் கணக்கில் எடுத்துக் கொண்டுபோய் விட வேண்டும் என்று மெலிண்டா மோயர் போன்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அதற்குப் புதிய செடிகள் முதலில் வேரூன்றி, பேன் குடியேறும் அளவுக்குத் தழைத்திருக்க வேண்டும். அதுவரை பழைய செடிகளும் அவற்றின் மேல் பேனும் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே எல்லா விதையும் பத்திரமாகப் பெட்டிக்குள் வந்துவிட்டாலும், பேன் இருக்கும் காட்டுக் கூட்டங்களுக்குப் பாஸ்ஃபைட் தெளிக்கும் விமானத்தை நிறுத்த முடியாது.